ஒரு சாண் லயத்துக்கு மூன்று பூச்சு அழுக்கு

1

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் நிறைந்த அன்று, ஒரு சுவரை எப்படி அழுக்காக்குவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பு இலவசம். தேநீரும் பிஸ்கட்டும்கூட அவர்கள் செலவு.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ தண்டனை அனுபவிக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. இது பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் வடக்கே நான் குடியிருக்கும் சிறு நகரத்தில், ஓய்வுபெற்ற ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் செவ்வாய்க்கிழமை மாலைகளில் தேவாலய மண்டபத்தில் கூடி விளையாட்டு ரயில் விடுகிறார்கள். 'விளையாட்டு' என்று நான் எழுதியது அவர்களுக்குத் தெரிந்தால் என் அங்கத்துவம் போய்விடும். அதன் பெயர் மாதிரி ரயில். நீளமான மேசை ஒன்று. அதன்மேல் மலை, ஸ்டேஷன், சிக்னல், மரம், சுவர் எல்லாம் நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நடுவே விரல் நீளத்தில் ஓர் எஞ்சின் போகும். அது வளைவில் திரும்பும்போது பேரன் பேத்தி எடுத்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

சங்கத் தலைவர் பெயர் ஜெஃப்ரி. காப்புறுதிக் கம்பனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய முப்பாட்டனாரின் தம்பி ஒருவர் கோப்பிக் காலத்தில் ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத் துரையாக இருந்திருக்கிறார். நம் மலைகளில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதானே இருந்தது. நோய் வந்து இலையெல்லாம் கொட்டி, துரைமார் கப்பலேறும்வரை அந்த ராச்சியம் நடந்தது. அந்தத் துரை விட்டுப்போன புகைப்பட ஆல்பம் ஜெஃப்ரியிடம் இருக்கிறது. ஆகவே சங்கத்தின் இந்த வருடப் பெரிய வேலை, கண்டிக்கு ரயில் வந்த புதிதில் அந்த ஊர் எப்படி இருந்தது என்பதை மேசைமேல் கொண்டுவருவது.

'கண்டியை அறிந்தவர் எவரேனும் உண்டா' என்று நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். மருத்துவமனைக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணும் வேலை எனக்கு. முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஓடிப்போய் பெயர் கொடுத்தேன்.

"கண்டியில் எந்த இடம்?" என்று ஜெஃப்ரி கேட்டார்.

"குண்டசாலை" என்றேன்.

பொய் இல்லை. நாட்டை விடுமுன் கடைசி நான்கு வருடம் குண்டசாலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கண்டிக்கு வேலைக்குப் போய் வந்தேன். அதற்கு முந்திய இருபத்திரண்டு வருடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2

சுவரை அழுக்காக்கும் முறை இதுதான். ஊரில் யாருக்காவது உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் அட்டையில் சுவர் வெட்டி, மேலே மெல்லிசாகச் சாந்து பூசி, காய்ந்ததும் ஊசியால் கல் கல்லாகக் கீற வேண்டும். பிறகு ஒரு மண்நிறப் பூச்சு. அது காய்ந்தபின் கறுப்பும் கபிலமும் கலந்த பெயின்டைத் தண்ணீர் விட்டு, தேத்தண்ணி வடித்த சக்கையின் நிறத்துக்குக் கொண்டுவந்து சுவர் முழுக்கத் தடவ வேண்டும். காயுமுன் பழைய பனியன் துணியால் ஒற்றியெடுத்தால், கல்லின் மேல் இருந்தது போய்விடும், இடுக்கில் இருந்தது தங்கிவிடும். அடுத்தது, பிரஷைப் பெயின்டில் தொட்டு, தொட்டதையெல்லாம் காகிதத்தில் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லாத அந்த பிரஷால் கல் விளிம்புகளை உரச வேண்டும். கடைசியில் வண்ணச் சுண்ணக்கட்டியைச் சுரண்டிய தூள். அடிச்சுவரில் பச்சைத் தூள் தூவினால் பாசி, கூரைத் தண்ணீர் வடியும் பீலிக்குக் கீழே செம்மஞ்சள் தூள் தூவினால் துரு, கதவுக்கு மேலே கறுப்புத் தூள் தூவினால் அடுப்புப் புகை.

"மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யோசித்துக்கொண்டே செய்யுங்கள்" என்று ஜெஃப்ரி எனக்குப் புத்தி சொன்னார். மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யோசித்துப் பாயை இழுத்துப் போட்டுப் படுத்த வருடங்களை அவரிடம் எப்படி விளக்குவது? தலையாட்டினேன்.

குண்டசாலையிலிருந்து நான் வேலைக்குப் போனது கண்டி டவுனில் ஒரு பெயின்ட் கடைக்கு. அங்கே நின்ற நான்கு வருடத்தில், புதுச்சுவரைப் பழசாக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஒருவர்கூடப் படியேறியதில்லை. எல்லோருக்கும் வெள்ளை வேண்டும், வெள்ளையிலும் பாசி பிடிக்காத வெள்ளை வேண்டும். "மழக்கிக் கூலி குடுக்கத் தேவில்ல தம்பி, அது சும்மாவே வந்து வேலய செஞ்சிட்டுப் போகும்" என்பார் கடை முதலாளி ஹாஜியார். இங்கே மழை சும்மா செய்யும் வேலையை ஆறு பிரஷ், நான்கு புட்டித் தூள், தலையில் மாட்டும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் படித்த மனிதர்கள் செய்கிறார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கு அது கைவந்துவிட்டது. இரண்டே மாதத்தில் ஸ்டேஷன் சுவர், பாலத்துச் சுவர், கோப்பி ஸ்டோர் சுவர் மூன்றையும் என் கையில் விட்டுவிட்டார்கள். அழுக்கில் எனக்கு இயல்பான திறமை இருப்பதாக ஜெஃப்ரி எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்.

என் மகள் தாரணிக்கு இருபத்துமூன்று வயது. வேலை பார்ப்பது பெரிய நகரத்தில், சனி ஞாயிறுகளில் வந்து போவாள். அவளுக்குக் கண்டி என்றால் போனில் வரும் ஒரு குளமும் தலதா மாளிகைக் கோயிலின் தங்கக் கூரையும்தான். "அப்பா, வீட்டு பாத்ரூம் சுவத்துல பூஞ்சணம் இருக்கு. அத விட்டுட்டு வெளிய போயி பெயின்ட் பண்றீங்க" என்றாள். பூஞ்சணம் என்ற சொல்லை அவள் தமிழில் சொன்னதில் நான் அடைந்த சந்தோஷத்தில், பதில் சொல்ல மறந்துபோனேன்.

3

மேசையில் எல்லாம் வந்துவிட்டது. ஸ்டேஷன் வந்தது. பின்திரையில் மலைத்தொடரும் தலதா மாளிகையும் வந்தன. துரை பங்களா, அதன் குதிரை லாயம், கோப்பி காயப்போடும் களம், வண்டி இழுக்கும் கரத்தை மாடுகள், ஆல்பத்தில் பார்த்தபடி மூன்று நாய்கள். ஆல்பத்தில் அந்த நாய்களின் பெயரெல்லாம் கீழே எழுதியிருக்கிறது.

கோப்பியைப் பறித்தது யார் என்பதை மட்டும் மேசையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தானாகப் பழுத்து, தானாகக் குதித்து, தானாகச் சாக்குக்குள் போய் உட்கார்ந்து ரயில் கோச்சி ஏறியிருக்க வேண்டும். கடையில் வாங்கிய தலைப்பாகைப் பொம்மைகள் மூன்று பிளாட்பாரத்தில் நின்றன. அவர்கள் எந்த நாட்டவர் என்று செய்தவனுக்கே தெரியாது.

கோப்பி ஸ்டோருக்கும் மலைக்கும் இடையே ஒரு சாண் அளவு வெற்றிடம் கிடந்தது. அங்கே குட்டிக் குளமும் வாத்துகளும் வைப்பதாகத் திட்டம். எனக்கு அந்தச் சாண் இடம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. இந்த முப்பது வருடத்தில் நான் வீடு வாங்க ஆசைப்பட்டிருக்கிறேன், பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். எதையும் அந்த ஒரு சாண் இடத்தை விரும்பியதுபோல விரும்பியதில்லை. ஆறு காம்பரா, அதாவது வரிசையாக ஆறு ஒற்றை அறை வீடு, கொண்ட ஒரு தோட்ட லயத்தை அந்த அளவில் செய்தால் சரியாக ஒரு சாண்தான் வரும்.

கூட்டத்தில் எழுந்து, "கோப்பி ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு லைன் வைக்கலாம்" என்றேன்.

"நம்மிடம் ஏற்கனவே மூன்று லைன் இருக்கிறதே, வளைவு வேறு கடினம்" என்றார் ஜெஃப்ரி. தண்டவாளத்தைச் சொல்கிறார். லயத்துக்கும் இங்கிலீஷில் லைன் என்றுதான் பெயர். தொழிலாளர் குடியிருந்த நீளக் கட்டடம் என்று விளக்கியபோது எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள்.

மேசைமேல் வரும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் சான்றுப் படிவம் உண்டு. ஆதாரம் எது என்ற கேள்விக்குக் கீழே மூன்று கட்டங்கள்: புத்தகம், புகைப்படம், நூதனசாலைப் பழம்பொருள். நான் நான்காவதாக ஒரு கட்டம் கையால் வரைந்து, 'அதில் பிறந்தேன்' என்று எழுதினேன். ஜெஃப்ரி மிகுந்த மரியாதையோடு திருப்பித் தந்தார். படிவத்தில் இல்லாத கட்டத்தை நிரப்ப முடியாது என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எங்களுக்கு இது குடும்ப வழக்கம். அந்த மலையிலேயே பிறந்த என் அப்பாவிடம், பிரஜாவுரிமைக்காக அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். அவரும் கங்காணி, கணக்கப்பிள்ளை, அரசாங்கக் கந்தோர் என்று வாழ்நாளெல்லாம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். நான் ஒரு அட்டைக் கட்டடத்துக்குத்தான் அலைகிறேன். சந்ததிக்குச் சந்ததி முன்னேற்றம் இருக்கத்தான் செய்கிறது.

அன்றுதான் முதல் தடவையாக நான் குண்டசாலைக்காரன் இல்லை, ஹுன்னஸ்கிரியப் பக்கத்து லயத்துக்காரன் என்பது சங்கத்தில் தெரிந்தது. "அற்புதம்!" என்றார் ஜெஃப்ரி. "அப்படியென்றால் ஒரு புகைப்படம் எடுப்பித்துத் தாருங்கள். ஒன்று மட்டும், சுவர் நம்பும்படி இருக்க வேண்டும். வயது தெரிய வேண்டும்."

4

அக்கா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். பெயர் ராசம்மா. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். ஐம்பது வருடம் கொழுந்து எடுத்து, இப்போது பென்ஷனும் முழங்கால் வலியுமாக இருக்கிறாள். கோப்பிக் காலத்திலேயே ஸ்டோர் ஒன்றைத் தடுத்து ஆறு காம்பராவாக்கி ஆட்களைக் குடிவைத்த கட்டடம் அது என்று சொல்லுவார்கள். அந்தக் கல்லைப் பார்த்தால் நம்பலாம்.

போன் எடுத்தேன்.

"என்னா தம்பி, ஒடம்புக்கு நல்லமா? அங்க குளிரா?"

"குளிருதான். அக்கா, நம்ம லயத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும். முன்பக்கச் சுவரு முழுசா தெரியணும்."

"லயத்தையா? எதுக்கு?"

"இங்க ஒரு கண்காட்சி வைக்கிறோம். நம்ம லயத்த அப்பிடியே சின்னதா செஞ்சு வைக்கப் போறேன். வெள்ளைக்காரங்கெல்லாம் பாக்க வருவாங்க."

அந்தப் பக்கம் அவள் ரேடியோவை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நம்ம லயத்த வெள்ளைக்காரங்க பாக்குறாங்களா?" என்றாள். பிறகு, "சரி, ஒரு கெழம டைம் குடு. பக்கத்துக் காம்பரா கலாகிட்ட நல்லா படம் விழுற போன் இருக்கு, எடுத்து அனுப்பச் சொல்றேன்."

ஒரு போட்டோ எடுக்க எதற்கு ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு எவனாவது கேட்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். அந்த லயத்தில் பிறந்தவன் நான். ஆள் வரப்போகிறது என்று சொன்னால் அங்கே முதலில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

எட்டாம் நாள் போட்டோ வந்தது. திறந்து பார்த்தேன். கண் கூசியது.

ஆறு காம்பராவின் முன்சுவரும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளை வெளேரென்று இருந்தது. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்திருந்தார்கள். கீழே இரண்டடிக்குச் செங்காவிப் பட்டை, நூல் பிடித்ததுபோல நேராக. வாசலில் கோலம். லயத்து சனம் அத்தனை பேரும் தீபாவளிக்குப் போல உடுத்திக்கொண்டு இரண்டு வரிசையில் நின்றார்கள். நடுவே கதிரை போட்டு உட்கார்ந்தபடி அக்கா. உடுத்தியிருந்தது அவளுடைய கல்யாணச் சேலை. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் போட்டோவைச் சங்கத்தில் சுற்றுக்கு விட்டேன். "எவ்வளவு அழகான மனிதர்கள்" என்றார் ஜெஃப்ரி. அவர் நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். பிறகு தலைக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஆனால் சுவரை மறைக்கிறார்கள்" என்றார். இன்னொருவர், ஆட்கள் நிற்பதும் ஒருவகையில் நல்லதுதான், கதவின் உயரத்தை அவர்களை வைத்துக் கணக்கிடலாம் என்றார். ஒரு மணி நேரம் ஆராய்ந்தபின் முடிவு வந்தது. கட்டடத்துக்குச் சான்றாகப் போட்டோவை ஏற்கலாம். சுவருக்குச் சான்றாக ஏற்க முடியாது, ஏனென்றால் அண்மையில் வெள்ளை அடித்திருக்கிறது. லயம் மேசையில் வரலாம், சுவர் பழசாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் வாத்துகள்.

5

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"யாரு அக்கா சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது?"

"அத வேற சொல்லணுமா? ஆளு வருதுன்னா அடிக்க மாட்டமா? ரெண்டு மூட்ட, டவுன்லருந்து பஸ்ஸுல ஏத்திட்டு வந்தோம். எல்லாருமா சேந்துதான் அடிச்சோம். பட்ட இழுத்தது மட்டும் நான். எப்பிடி இருக்கு?"

"கெடுத்து வச்சிருக்க. எனக்குப் பழைய சுவருதான் வேணும். கரி, பாசி, மழத்தண்ணி வடிஞ்ச கோடு, எல்லாம் தெரியணும். இங்க அதத்தான் பாக்க வர்றாங்க."

"அழுக்கப் பாக்கவா வர்றாங்க?"

"ஆமா. அதுதான் அவங்களுக்கு அழகு. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

"நான் அம்பது வருசமா தொடச்சது உள்ளது இல்லியா?"

அதற்கு நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஒனக்கு வெளங்காது அக்கா" என்றேன். முப்பது வருடம் வெளிநாட்டில் இருந்தால் எல்லோருக்கும் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வசனம் இது.

"சரி தம்பி, வெளங்காதுதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் எடுத்தேன், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன், இல்லை. மெசேஜ் போட்டால் பார்த்ததற்கு நீலக் கோடு விழும், பதில் வராது. மூன்று கிழமை அப்படியே போனது. எங்கள் அம்மா இறந்தபின் என்னைச் சோறூட்டி வளர்த்தவள் அவள். நான் கப்பலேறினாலும் பிளேன் ஏறினாலும் ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசாமல் இருந்ததில்லை. கண்காட்சி முடியட்டும், ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு அழுக்கு வேலையில் இறங்கினேன்.

6

அந்த மூன்று கிழமையில் செய்ததுதான் என் வாழ்நாளின் சிறந்த சுவர். கதவுக்குக் கதவு புகை வேறுபடும். மூன்றாம் காம்பராவில் ஆட்கள் அதிகம், அடுப்பு அணையாது, ஆகவே கறுப்பு அதிகம். கடைசிக் காம்பராவில் பீலி உடைந்திருந்தது, ஆகவே பச்சை அதிகம். தோள் உரசி உரசிப் பளபளத்த மூலைக்கு விரலால் எண்ணெய் தொட்டு வைத்தேன். மூன்று பூச்சு அழுக்கு. அதன்மேல் தூள்.

ஜெஃப்ரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "செல்வராஜ், இது மூச்சு விடுகிறது" என்றார். அவர் வாயில் என் முழுப்பெயர் சரியாக வந்தது அன்றுதான். படிவத்தில் கையெழுத்து விழுந்தது. வாத்துகளைப் பெட்டியில் போட்டார்கள். கோப்பி ஸ்டோருக்கும் மலைக்கும் நடுவே என் லயம் உட்கார்ந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒரு பழைய நாள்தான் வந்தது.

எனக்கு ஐந்தோ ஆறோ வயது. கொழும்பிலிருந்து யாரோ மிகப் பெரிய ஆள் தோட்டம் பார்க்க வருவதாகச் செய்தி. ரோட்டைப் பார்த்த சுவருக்கெல்லாம் வெள்ளை அடிக்கச் சொல்லி ஸ்டோரிலிருந்து சுண்ணாம்பு கொடுத்தார்கள். ரோட்டுக்குத் தெரியாத பக்கத்துக்குச் சுண்ணாம்பு கிடையாது. அக்காவுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை அடித்தாள். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று சிவந்திருந்தது. கார் வந்தது. நிற்கவில்லை. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. தூசியைக் கிளப்பிக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டது. லயத்தில் எல்லோரும் வாய்விட்டுத் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். மிச்சச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு, ரோட்டுக்குத் தெரியாத பின்சுவரை அடிக்கப் போனாள்.

அவள் துரைக்குப் பயந்து அடிக்கிறாள் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். படித்தவன் அல்லவா, அப்படித்தான் நினைப்பேன். பின்சுவரை எந்தத் துரைக்காக அடித்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

சுண்ணாம்பு அடித்து ஏமாற்றிய ஆள் அவள் இல்லை. 'எந்த இடம்' என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் முப்பது வருடமாகக் 'குண்டசாலை' என்று பதில் சொன்ன நான்தான். பெற்ற மகளுக்குக் கூடக் குளத்தையும் தங்கக் கூரையையும் காட்டி வளர்த்தேன். ரோட்டுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு, ஒருநாள் எல்லாப் பழியையும் அக்கா தலையில் கொட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

7

கண்காட்சி சனிக்கிழமை தொடங்கி இரண்டு நாள். நகர மண்டபத்தில் பத்து மணிக்குக் கதவு திறக்கும். தாரணி என்னைக் காரில் ஏற்றி ஒன்பதரைக்கே கொண்டுவந்து விட்டாள். பையிலிருந்து வெள்ளைப் பெயின்ட் குப்பியை எடுத்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, நீலம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன். முதல் காம்பராவிலிருந்து ஆரம்பித்தேன்.

"அப்பா! என்ன செய்றீங்க? மூணு வாரம் செஞ்சீங்களே இத!"

"வெள்ள அடிக்கிறேன்."

"ஏன்?"

"ஆள் வருது."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கும்படி நான் எப்போது எதைச் சொல்லியிருக்கிறேன்? அன்று சொன்னேன். அடித்துக்கொண்டே சொன்னேன். காம்பரா, சுண்ணாம்பு, நிற்காமல் போன கார், போனில் நான் பேசிய பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவள் போன் வெளிச்சத்தைப் போட்டுச் சுவருக்குப் பிடித்தாள். செங்காவிப் பட்டை இழுக்கும்போது பிரஷ் கோட்டைத் தாண்டப் பார்த்தது. "மெதுவா, அப்பா" என்றாள்.

பின்சுவரையும் அடித்தேன். அது பார்க்கிறவர்களுக்குத் தெரியாத பக்கம்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெஃப்ரி வந்தார். பார்த்தார். முகம் வெளுத்தது. "இது ஒரு சுவாரசியமான முடிவு" என்றார். ஆங்கிலேயர் ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று முப்பது வருடம் எனக்குப் படிப்பித்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன், நிஜமாகவே கேட்டேன். அவர் ஆறு மாதம் உழைத்த மேசை அது.

நடுவர் சிவப்புக் கோட் போட்ட ஒரு பெண்மணி. கையில் குட்டி டார்ச். ஸ்டேஷன் சுவரில் நின்றார், பாலத்தில் நின்றார், கோப்பி ஸ்டோர் சுவரைப் பார்த்து ஜெஃப்ரியிடம் ஏதோ புகழ்ந்து சொன்னார். என் லயத்துக்கு வந்ததும் டார்ச் அப்படியே நின்றது.

"இது மட்டும் ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது?"

"நீங்கள் வருவதாகச் சொன்னார்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் புத்தகத்தில் எழுதிக்கொண்டு நகர்ந்தார். எங்கள் மேசைக்கு இரண்டாம் பரிசு. 'ஒரு கட்டடத்துக்கு இன்னும் கொஞ்சம் வயது தேவை' என்று குறிப்பு. ஜெஃப்ரி என்னைத் திட்டவில்லை, அது அவர் வழக்கம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் செவ்வாய்க்கிழமை வந்து லயத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகும்படி மிகவும் பண்பாகச் சொன்னார். தோட்டத்தில்கூடக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லும்போது ஒரு மாதத் தவணை கொடுப்பார்கள். பரவாயில்லை, ஞாயிறு மாலைவரை அது அங்கேதான் இருக்கும். சனம் வந்துகொண்டே இருந்தது.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் தாரணி தன் போனை எடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்பதற்குள் அக்காவின் முகம் திரையில் வந்துவிட்டது. அழைத்தது நான் இல்லை என்பதால் எடுத்திருக்கிறாள்.

"அத்தை, சுகமா? இங்க பாருங்க. அப்பா வீடு" என்றாள் தாரணி. பிறகு தன்னைத் தானே திருத்திக்கொண்டு, "உங்க வீடு" என்றாள்.

போனை முதல் காம்பராவிலிருந்து மெல்ல நகர்த்தினாள். நான் திரைக்கு வெளியே, கோப்பி ஸ்டோர் பக்கம் ஒதுங்கி நின்றேன். மூன்றாம் காம்பரா, நான்காம் காம்பரா.

"கிட்டக்க கொண்டா" என்றாள் அக்கா.

தாரணி கிட்டக் கொண்டுபோனாள்.

"தம்பி அங்க நிக்கிறானா?"

"நிக்கிறேன் அக்கா" என்று திரைக்கு முன்னால் வந்தேன்.

"கடசிக் காம்பரா சன்னலுக்குக் கீழ ஒரு எடத்துல பிரஷ் படல பாரு."

குனிந்து பார்த்தேன். ஒரு நகக்கண் அளவுக்குப் பச்சை தெரிந்தது.

"ஆமா அக்கா."

"சனம் இன்னும் வருதா?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப என்னா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிற? போயி அடி."